1500 சொல், மூன்று மனசு, ஒரு காஸ் வரிசை: சிறுகதையில் யார் கண்ணால் பார்ப்பது?

அலைவரிசை (வெள்ளவத்தை):

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறுகதைப் போட்டிக்கென்று எழுதிய கதை என்னிடம் கிடந்து இழுபடுகிறது. விதிப்படி 1500 சொல்லுக்கு மேல் போகக் கூடாது, என்னுடையது 2800ஐத் தாண்டி நிற்கிறது. எங்கே கத்தரி வைப்பது என்று பிடிபடவில்லை, அதனால்தான் இங்கே போடுகிறேன்.

கதை, இலங்கையில் சமையல் காஸுக்குத் தட்டுப்பாடு வந்த 2022இல் நடக்கிறது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கை, அதில் காஸ் வரிசை. விடியப்புறமே சிலிண்டர்களை அடுக்கி, யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி பிடிகளுக்குள்ளால் ஒரு நீளச் சங்கிலியை விட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள் (நீங்களும் கண்டிருப்பீர்கள்). வரிசையில் மூன்று பேர் முக்கியம். ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர், மே மாதக் கடைசியில் ஓ.எல். பரீட்சை எழுத இருக்கும் ஒரு பெடியன், ஒரு ஓட்டோக்காரன். மூன்று பேரின் மனசுக்குள்ளும் மாறி மாறிப் போகிறேன். மத்தியானம் லொறி வருகிறது, ஆனால் எல்லோருக்கும் காணாது. மாஸ்டர் தன் இடத்தை ஓட்டோக்காரனுக்கு விட்டுக்கொடுக்கிறார். இதுதான் கதை. ஒரு துண்டு கீழே:

"மாஸ்டர் சுவரில் சாய்ந்தபடி நின்றார். அவருக்கு முழங்கால் வலித்தது, ஆனாலும் நிலத்தில் உட்கார வெட்கமாக இருந்தது. பின்னால் நின்ற பெடியன் விஞ்ஞானக் கொப்பியை விரித்து வைத்திருந்தான். அவன் மனசு கொப்பியில் இல்லை, இரண்டு நாளாக அம்மா அவிக்காமல் விட்ட இடியப்பத்தில் இருந்தது. ஓட்டோக்காரன் பொறுமையிழந்தான். இன்றைய ஹயர் எல்லாம் போச்சே என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டான். எத்தனை கஷ்டத்திலும் இந்த மனிதர்கள் மனிதத்தைத் தொலைக்கவில்லை."

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். மூன்று பேரின் பார்வையும் 1500க்குள் நிற்குமா? மற்றது, கரு வாசிக்கிறவருக்குத் தெளிவாகப் போய்ச் சேர்கிறதா?

மழைக்காலம் (தெஹிவளை):

மூன்று பேரா, 1500க்குள்ளா! நிற்காது அக்கா. சிறுகதைக்கு ஒரு ஆளின் கண் போதும். நீங்கள் போட்ட துண்டில் ஐந்தாறு வரிக்குள் மூன்று மனசுக்குள் பாய்ந்துவிட்டீர்கள், மாஸ்டரின் முழங்காலோடு நான் நிற்கத் தொடங்கும்போதே பெடியனின் இடியப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறீர்கள்.

நான் செய்கிற ஒரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இது யாருக்குத் தெரியும்?" என்று எழுதிப் பாருங்கள். "முழங்கால் வலித்தது" என்பது மாஸ்டருக்கு மட்டும் தெரிந்தது. "முழங்காலைத் தடவிக்கொண்டார்" என்றால் பக்கத்தில் நிற்கிற எவருக்கும் தெரியும். இரண்டும் ஒரே செய்திதான், ஆனால் முதலாவதில் நாங்கள் அவருக்குள் இருக்கிறோம், இரண்டாவதில் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

நீளத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர்களின் நெபுலா விருதில் 7500 சொல்லுக்கு உட்பட்டது எல்லாம் சிறுகதை, அதற்கு மேல் 17,500 வரை ஒரு வகை, 40,000 வரை இன்னொரு வகை, அதைத் தாண்டினால் நாவல். அந்தக் கணக்கில் 1500 மிகச் சின்ன இடம். குறுங்கதைக்குப் பக்கத்து வீடு.

பழைய பேப்பர் (கொட்டாஞ்சேனை):

தம்பி மழைக்காலம், அந்த 7500ஐத் தமிழுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வராதேயும். எங்களுக்கு வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். "வீட்டுக்குள்ளிருந்து" என்பது ஒரு சொல். "வந்துகொண்டிருந்தவனுக்கு" என்பதும் ஒரு சொல்தான், பிரித்து எழுதினால் மூன்று. ஆகவே தமிழில் 1500 சொல்லுக்குள் அடங்குகிற கதை ஆங்கிலத்தின் 1500ஐ விடக் கொஞ்சம் பெரிய கதை. தங்கச்சி பயப்படத் தேவையில்லை.

நான் ஒரு காலத்தில் ஞாயிறு பதிப்பொன்றில் கதைப் பக்கம் பார்த்தவன். அங்கே சொல்லை எண்ணினது கிடையாது, இடத்தைத்தான் பார்ப்போம். படம் போக மிச்சம் எத்தனை பத்தி, கீழே விளம்பரம் வருகிறதா, அவ்வளவுதான். நல்ல கதை ஒன்று கடைசி நேரத்தில் வந்த ஒரு மரண அறிவித்தலுக்காக வாலில்லாமல் போனதும் உண்டு, எழுதினவர் பிறகு வந்து சண்டை பிடித்ததும் உண்டு. இது எங்களுக்கு மட்டும் வந்த தலைவிதி இல்லை. செகோவ் இளம் வயதில் எழுதிக் கொடுத்த நகைச்சுவைப் பத்திரிகையில் 100 வரிக்கு மேல் கூடாது என்று ஆசிரியர் கட்டுப்பாடு வைத்திருந்தார். அந்தாள் அதற்குள் நின்றுதான் தன் கையைப் பழக்கினார்.

எட்கர் அலன் போ 1842இல் எழுதிய ஒரு விமர்சனத்தில் வேறு அளவுகோல் வைத்தார். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், ஒரே இருப்பில் வாசித்து முடிகிறதாக இருக்க வேண்டும், எல்லா வரியும் ஒரே ஒரு விளைவை நோக்கிப் போக வேண்டும் என்றார். அவர் அளந்தது வாசகனின் நேரத்தை. எனக்கு அது பிடிக்கும். இன்றைக்கு வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு பஸ்ஸில் போகிறவன் எவ்வளவு நேரம் போனைப் பார்ப்பான், அதற்குள் உங்கள் கதை முடிகிறதா என்று கேளுங்கள்.

உங்கள் கதையில் நீளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒவ்வொரு புது மனசுக்குள்ளும் போகும்போது அந்த ஆளின் வீட்டைச் சொல்ல வேண்டும், கவலையைச் சொல்ல வேண்டும், பழைய கதையைச் சொல்ல வேண்டும், கடைசியில் அவருக்கு என்ன ஆனது என்றும் சொல்லி முடிக்க வேண்டும். மூன்று பேர் என்றால் இது மூன்று தரம். இரண்டு பேரை வெளியே நிறுத்துங்கள், 2800 தானாக இறங்கும்.

மருதானை நானா:

ஒரு ஆளின் கண்தான் என்று சட்டம் போடாதீர்கள். எங்கள் உம்மும்மா (உம்மாவின் உம்மா) கதை சொன்னால் ராஜாவின் மனசுக்குள்ளும் போவா, கழுதையின் மனசுக்குள்ளும் போவா. ஒரு நாளும் எங்களுக்குக் குழம்பினதில்லை. ஏனென்றால் யாருக்குள் போனாலும் சொல்கிறது உம்மும்மாதான், அந்தக் குரல் மாறாது, இடையிடையே "அவனுக்கு நல்லா வேணும்" என்று அவவே தீர்ப்பும் சொல்லிவிடுவா.

எல்லாம் தெரிந்த கதைசொல்லி என்றால் அவருக்கென்று ஒரு குரல் இருக்க வேண்டும், நக்கலோ பாசமோ கோபமோ ஏதோ ஒன்று. அலைவரிசையின் துண்டில் மூன்று மனசும் தெரிகிறது, சொல்கிறவரைத்தான் காணவில்லை. கடைசி வரியில் மட்டும் ஒருவர் திடீரென்று வந்து "மனிதம்" என்று பிரசங்கம் பண்ணிவிட்டுப் போகிறார். அவர் யார்? வரிசையில் நின்றவர் மாதிரித் தெரியவில்லை!

பதுளை பஸ்:

நான் கேட்க வந்தது வேறு. அக்கா, உங்கள் துண்டில் மாஸ்டர் "நின்றார்". ஓட்டோக்காரன் "பொறுமையிழந்தான்", "திட்டிக்கொண்டான்". பெடியன் சின்னவன், அவன் "வைத்திருந்தான்" என்றால் சரி. ஓட்டோ ஓட்டுகிறவருக்கு என்ன வயது? வீட்டில் பிள்ளை குட்டி இருக்கிற ஆள்தானே. கதைசொல்லிக்கு அவர் எப்படி "அவன்" ஆனார்?

குறை பிடிக்கிறதற்காகக் கேட்கவில்லை. தமிழில் படர்க்கையில் எழுதும்போது நடுநிலையான கதைசொல்லி என்று ஒருவர் கிடையவே கிடையாது என்பது என் எண்ணம். வினைமுற்றின் கடைசியில் "ஆர்" போடுவதா "ஆன்" போடுவதா என்று வரிக்கு வரி முடிவெடுத்தாக வேண்டும், தப்ப வழி இல்லை. அப்படி முடிவெடுத்த உடனே கதைசொல்லி ஒரு இடத்தில் போய் நின்றுவிடுகிறார். உங்கள் கதைசொல்லி மாஸ்டர் வீட்டு வாசலில் நிற்கிறார். மூன்று பேரின் பார்வை என்று நீங்கள் நினைக்கிறீர்கள், உண்மையில் ஒரு பார்வைதான் இருக்கிறது, அது மாஸ்டரின் பார்வை.

கொழும்பில் எழுதுகிற கதைகளில் எங்கள் மலையக ஆட்கள் எத்தனை தரம் வருகிறார்கள் பாருங்கள். கடையில் நிற்கிற பையன், வீட்டில் வேலை செய்கிற பிள்ளை. வேலைக்காரப் பெண் ஐம்பது வயதானாலும் "அவள்", வீட்டு ஐயா முப்பது வயதானாலும் "அவர்". கதையின் கரு சமத்துவமாக இருக்கும், வினைமுற்று வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அலைவரிசை:

பதுளை பஸ், இதை வாசித்துவிட்டு 2800 சொல்லையும் திரும்பப் பார்த்தேன். ஓட்டோக்காரனுக்கு ஒரு இடத்திலும் "ஆர்" இல்லை. அதே நேரம் எல்லோரையும் "அவர்" ஆக்கினால் பேப்பர் செய்தி மாதிரி ஆகிவிடாதா? "சந்தேகநபர் தப்பிச் சென்றார்" என்கிற மாதிரி?

பதுளை பஸ்:

எல்லோரையும் ஆக்கச் சொல்லவில்லை. யாருடைய கண் என்று ஒன்றைத் தெரிவு செய்யுங்கள், பிறகு அந்தக் கண்ணுக்கு யார் அவர், யார் அவன் என்பது தானாக வரும். மாஸ்டரின் கண் என்றால் ஓட்டோக்காரர் "அவன்" ஆக இருக்கட்டும், அது மாஸ்டரைப் பற்றி எங்களுக்கு ஒன்று சொல்லும். அந்தப் பெடியனின் கண் என்றால் "ஓட்டோ அண்ணா வந்தார்" என்றுதான் வரும். ஓட்டோக்காரரின் கண் என்றால் மாஸ்டர் முகத்துக்கு நேரே "ஐயா", மனசுக்குள் வேறு ஏதாவது. ஒரே வரிசை, மூன்று இலக்கணம்.

மழைக்காலம்:

இது அருமையான விஷயம், ஆங்கிலத்தில் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இது கிடைக்காது. முன்னிலையில் எழுதிப் பார்த்தாலும் இதே சிக்கல்தான். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு "you" என்ற ஒரே சொல்லோடு வேலை முடிந்தது. எங்களுக்கு நீயா, நீரா, நீங்களா என்று முதல் வரியிலேயே மாட்டிக்கொள்கிறோம்.

இரண்டாம் வாசிப்பு (பம்பலப்பிட்டி):

கொஞ்சம் பழசைப் பேசலாமா. தமிழின் ஆரம்பச் சிறுகதைகளில் ஒன்றாக எல்லோரும் சொல்கிற வ.வே.சு. ஐயரின் "குளத்தங்கரை அரசமரம்" 1915இல் வந்தது. தாகூரின் கதையொன்றில் ஆற்றுப் படித்துறை பேசும், அதைத் தழுவியது என்ற சர்ச்சை இருக்கிறது. அந்தச் சர்ச்சையை விடுங்கள், எனக்கு வேண்டியது வேறு. கதையைச் சொல்வது மரம். மரத்தால் நகர முடியாது. கதாநாயகி ருக்மிணியின் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது மரத்துக்கு நேரடியாகத் தெரியாது, குளத்துக்கு வருகிறவர்கள் பேசினால்தான் தெரியும், அடியில் நடப்பதை மட்டும்தான் அதால் பார்க்க முடியும். தெரியாமல் இருக்கிற பகுதிதான் எங்களைப் பதற வைக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தியே இந்த வித்தை எங்களிடம் இருந்திருக்கிறது.

ஆகவே அலைவரிசை, யாருக்கு எல்லாம் தெரியும் என்று தேடாதீர்கள். யாருக்கு முக்கியமான ஒன்று தெரியாது என்று தேடுங்கள். உங்கள் கதையில் அது அந்தப் பெடியன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வரிசையே சொன்னால் என்ன? "நாங்கள் விடிய நாலு மணிக்கே வந்துவிட்டோம்" என்று தொடங்கலாம். தமிழில் நாங்கள், நாம் இரண்டும் இருப்பதால் இதில் ஒரு கூர்மை உண்டு. "நாங்கள்" என்றால் வாசகர் வரிசைக்கு வெளியே. "நாம்" என்று எழுதிவிட்டால் அவரும் சிலிண்டரோடு வந்து நிற்க வேண்டியதுதான்.

மருதானை நானா:

"நாம்" என்று எழுதினால் நான் உடனே புத்தகத்தை மூடிவிடுவேன் டீச்சர். அரசியல்வாதி மேடையில் சொல்கிறதும் "நாம்"தான். நான் அன்றைக்கு வரிசையில் நின்றவன், எனக்கு "நாம்" ஒன்றும் அங்கே தெரியவில்லை, எனக்கு முன்னால் எத்தனை சிலிண்டர் என்பது மட்டும்தான் தெரிந்தது.

பழைய பேப்பர்:

இனிக் கருவுக்கு வருவோம். தங்கச்சி "கரு தெளிவாகப் போய்ச் சேர்கிறதா" என்று கேட்டிருந்தா. அளவுக்கு மேலேயே சேர்ந்துவிட்டது!

இது எங்கள் நாட்டில் பழைய பழக்கம். ஐம்பதுகளில் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் வந்தபிறகு, கரு என்ன என்று முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கு ஆள் தேடுகிற வேலை நிறைய நடந்தது. சும்மா இகழவில்லை. அதுவரை கதைக்குள் நுழையவே விடாத மனிதர்கள் அதனால்தான் உள்ளே வந்தார்கள், அவர்களின் பேச்சுமொழி வந்தது, அந்த மொழி கூடாது என்று பண்டிதர்கள் அறுபதுகளில் பெரிய சண்டையே போட்டார்கள். ஆனால் அதே காலத்தில் எத்தனையோ கதைகளில் கடைசிப் பந்தியில் சூரியன் சிவப்பாக உதித்தது. "நூலகம்" என்கிற இணையத்தளத்தில் பழைய இதழ்கள் கிடக்கின்றன, போய்ப் பாருங்கள், உதயம் வராத இதழே குறைவு.

இரண்டாம் வாசிப்பு:

கருவை வாய்விட்டுச் சொன்னாலே குற்றம் என்றும் இல்லை ஐயா. புதுமைப்பித்தனின் "பொன்னகரம்" கடைசியில் வாசகரின் முகத்துக்கு நேரே திரும்பிப் பேசிவிடுகிறதே. அது குத்துவதற்குக் காரணம், முதல் வரியிலிருந்தே அந்தக் கதைசொல்லி நக்கலோடுதான் நடந்து வருகிறார். நானாவின் உம்மும்மா மாதிரி. கடைசியில் அவர் பேசும்போது அது புது ஆள் இல்லை.

அதோடு இன்னொன்று. நோக்குநிலைதான், அதாவது யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான், நீளத்தைத் தீர்மானிக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்ட மாதிரித் தெரிகிறது, எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. புதுமைப்பித்தனே எழுதிய "துன்பக்கேணி"யை எடுங்கள். ஊரிலிருந்து மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், வருஷங்கள் ஓடி, அவள் மகள் வளரும் வரைக்கும் கதை போகிறது. எத்தனை கண் வைத்தாலும் அதைச் சின்னதாக்க முடியாது, ஏனென்றால் ஓடுகிற காலம் நீளம். "பொன்னகரம்" ஒரு சந்தில் ஒரு சின்னப் பொழுது. ஆகவே கதைக்குள் எவ்வளவு காலம் போகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். அலைவரிசையின் கதை விடியலிலிருந்து மத்தியானம் வரை. விடியல் எதற்கு? லொறி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கினால் என்ன?

மருதானை நானா:

சரி, நான் ஒரு கேள்வி கேட்கிறேன், எல்லோரும் மறந்த கேள்வி. மாஸ்டர் ஏன் இடத்தை விட்டுக்கொடுத்தார்?

அலைவரிசை:

நல்ல மனிதர் நானா. ஓட்டோக்காரர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று கேள்விப்பட்டார்.

மருதானை நானா:

நல்ல மனிதர் என்பது காரணமா! நான் அந்த வரிசைகளில் நின்றவன் பிள்ளை, நல்ல மனிதர்களும் நின்றார்கள், விடிய நாலு மணிக்கு வந்த நல்ல மனிதர் மத்தியானம் இடத்தைக் கொடுக்க மாட்டார். கொடுத்தால் வேறு ஏதோ இருக்கிறது.

2022 ஏப்ரலில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கா? 12.5 கிலோ சிலிண்டர் 2675 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 4860க்குப் போனது. அந்த விலை மாறின நாளை உங்கள் கதைக்குள் வையுங்கள். மாஸ்டரின் பொக்கெட்டில் பழைய விலைக்குத்தான் காசு இருக்கிறது. பென்ஷன் வர இன்னும் நாள் கிடக்கிறது. எல்லோருக்கும் முன்னால் "என்னிடம் காசில்லை" என்று சொல்ல அவரால் முடியுமா? உட்காரவே வெட்கப்பட்ட ஆள் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

பழைய பேப்பர்:

நானா, இதுதான் கதை! இப்போது பாருங்கள், மாஸ்டரின் மனசுக்குள் போனால் கதை செத்தது, "காசு காணாது, ஆகவே விட்டுக்கொடுப்பது போல நடிப்போம் என்று எண்ணினார்" என்று வெட்ட வெளிச்சமாகிவிடும். ஓட்டோக்காரரின் மனசுக்குள் போனால் நன்றியில் கண்ணீர் வடிப்பார், வேறு ஒன்றும் தெரியாது. பெடியன் பின்னால் நிற்கிறான், எண்ணுகிற காசு அவனுக்குத் தெரிகிறது, அது என்னவென்று விளங்குகிற வயதும் வாசலில் நிற்கிறது. இரண்டாம் வாசிப்பு சொன்ன கண் இதுதான்.

மனிதம் பற்றிய பிரசங்கமும் தேவையில்லை. அது தர்மமா மானமா என்று வாசிக்கிறவனே கிடந்து யோசிக்கட்டும்.

மழைக்காலம்:

தன்மையில் எழுதுவதா, படர்க்கையில் பெடியனை ஒட்டியே போவதா அக்கா?

இரண்டாம் வாசிப்பு:

தன்மை என்றால் ஒரு கவனம் வேண்டும். அதில் இரண்டு "நான்" உண்டு. வரிசையில் நிற்கிற பதினாறு வயது நான், இன்றைக்கு நினைத்துப் பார்க்கிற இருபது வயது நான். பெரியவன் இடையில் புகுந்து "அப்போது எனக்கு விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது" என்று சொன்னால் நானா கண்டுபிடித்ததெல்லாம் வீண். பெரியவனின் வாயை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள்.

அலைவரிசை:

இரவிரவாக இருந்து மாற்றி எழுதினேன். தன்மையில்தான். லொறி வந்த இடத்திலிருந்து ஒரு துண்டு:

"வரிசை நகரும்போதெல்லாம் மாஸ்டர் குனியாமல் காலாலேயே தன் சிலிண்டரைத் தள்ளினார். கடைக்காரர் ஒரு மட்டையில் புது விலையை எழுதித் தொங்கவிட்டதும் பின்னாலிருந்து சத்தம் எழுந்தது. மாஸ்டர் சத்தம் போடவில்லை. சேர்ட் பொக்கெட்டிலிருந்து காசை எடுத்து எண்ணினார். நாலாக மடித்து வைத்தார். பிறகு திரும்பவும் எடுத்து எண்ணினார். 'தம்பி, நீர் முன்னுக்கு வாரும். சின்னப் பிள்ளை இருக்கிற வீடெண்டு சொன்னீர்' என்று ஓட்டோ அண்ணாவைக் கூப்பிட்டார். ஓட்டோ அண்ணா அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டு, 'சிலிண்டரை முன்னுக்குக் கொண்டு வாரும்' என்றார்."

அதற்குப் பிறகு பெடியன் மாஸ்டரின் வெறும் சிலிண்டரில் ஒரு பக்கம் பிடித்து அவருடைய ஃபிளட் வரைக்கும் போகிறான், லிஃப்ட் வேலை செய்யவில்லை, மூன்றாம் மாடி. கடைசி வரி: "அம்மா கேட்டபோது, மாஸ்டர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்றே சொன்னேன்."

இப்போது 1540 சொல் இருக்கிறது.

மருதானை நானா:

நாற்பது சொல்தானே! "எண்ணிக் கொண்டு இருந்தார்" என்று எங்கெங்கே பிரித்து எழுதியிருக்கிறீர்களோ அங்கெல்லாம் சேர்த்து எழுதிவிடுங்கள், கொம்பியூட்டருக்கு என்ன தெரியும்.

பழைய பேப்பர்:

நானா சொல்கிற கள்ள வேலையைப் போட்டி நடத்துகிறவர்களும் அறிவார்கள். அதை விட, அந்தக் கடைசி வரியைத் தூக்குங்கள். மாடிப்படியிலேயே கதை முடிந்துவிட்டது. வெறும் சிலிண்டரை இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள், போதும். கடைசி வரி விளக்கம் மாதிரி இருக்கிறது.

மழைக்காலம்:

நானும் அதே கட்சி. படியில் நிறுத்துங்கள்.

அலைவரிசை:

தூக்க மாட்டேன் ஐயா. மன்னிக்க வேண்டும். படியில் நிறுத்தினால் அது மாஸ்டரின் கதை, பெடியன் வெறும் கண்தான். இவ்வளவு தூரம் அவனைக் கதைசொல்லியாக நிற்பாட்டிவிட்டு அவன் ஒன்றும் செய்யாமல் போனால் அவன் எதற்கு? வீட்டில் போய் அவன் அம்மாவிடம் உண்மையை மறைக்கிறான். அவனுக்கு விளங்கிவிட்டது என்பதும், மாஸ்டரின் மானத்தை அவன் காப்பாற்றுகிறான் என்பதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. "என்றே" என்பதில் ஒரு ஏகாரம் வைத்திருக்கிறேன், அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. நாற்பது சொல்லை விஞ்ஞானக் கொப்பியில் எடுக்கிறேன், இடியப்பத்தையும் எடுக்கிறேன், அவன் என்ன படிக்கிறான், என்ன சாப்பிடவில்லை என்பது இப்போது யாருக்கும் தேவையில்லை.

இரண்டாம் வாசிப்பு:

நான் அலைவரிசை பக்கம். அந்த வரி இல்லாவிட்டால் அவன் மரமாகத்தான் நிற்பான், அதுவும் அரசமரம் அளவுக்குப் பேசாத மரம்.

பழைய பேப்பர்:

சரி, சரி. என் காலத்தில் பக்கத்தில் இடமில்லை என்று நானே வெட்டியிருப்பேன், நல்லவேளை இப்போது அந்தக் கத்தரி என் கையில் இல்லை. அனுப்புங்கள். விதியில் சொல்லியிருந்தால் கதைக்குள் உங்கள் பெயரையோ ஊரையோ எங்கும் போடாதீர்கள், அதுக்கே பாதிப் பேரின் கதை திரும்பி வரும்.

பதுளை பஸ்:

ஒரு விஷயம் மட்டும் மிச்சம். காஸ் எடுத்துக்கொண்டு போன ஓட்டோ அண்ணாவை எல்லோரும் வாசலோடு விட்டுவிட்டீர்கள். அவர் வீட்டுக்குப் போய், பெண்சாதியிடம் என்ன சொல்லியிருப்பார்? அன்றைக்கு இரவு அதே விலையைப் பற்றி நியூஸில் கேட்கும்போது அவருக்கு ஏதாவது உறைத்திருக்குமா? அக்காவுக்குப் பிரச்சினை இல்லை என்றால் அதை நான் எழுதுகிறேன், அவருடைய கண்ணில், அவருடைய பேச்சில்.

அலைவரிசை:

தாராளமாக எழுதுங்கோ அண்ணே. 1500க்குள்ளா?

பதுளை பஸ்:

அது தெரியாது. ஆனால் என் கதையில் மாஸ்டர் கனநேரத்துக்கு "அந்தக் கெழவன்" என்றுதான் வருவார், இப்பவே சொல்லிவிட்டேன்.